தம்பிக்கு எழுதிய பிறந்த தேதி

1

போன மாதம் என் தம்பி பாண்டியை இங்கே வரவழைப்பதற்காக ஒரு படிவம் கொடுக்கப் போனேன். நான் இருப்பது நார்வே நாட்டில், பெர்கன் என்ற துறைமுக ஊரில். வந்து இருபத்து மூன்று வருடம் ஆகிறது. என் கணவர் கப்பலில் ஃபிட்டராகச் சுற்றிவிட்டு இங்கே ஒரு கப்பல் பட்டறையில் வேலைக்கு அமர்ந்தவர். நான் ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் வேலை பார்க்கிறேன். மதுரையில் எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்தேன். முன்பின் தெரியாதவர்களிடம் முகம் பார்த்துப் பேச எனக்கு இன்றைக்கும் வராது. சமையலறை வேலை பிடித்துப்போனதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஊரிலிருந்து இதைப் படிப்பவர்களுக்கு ஒரு விவரம் சொல்ல வேண்டும். இந்த நாட்டில் குடியிருக்கும் ஒவ்வொருவருக்கும் பதினொரு இலக்கத்தில் ஓர் எண் உண்டு. அதன் முதல் ஆறு இலக்கங்கள் பிறந்த தேதி. மருந்து வாங்கினாலும், பல் பிடுங்கப் போனாலும், பள்ளிக்கூடத்தில் பிள்ளையைச் சேர்த்தாலும் முதலில் அந்தத் தேதியைத்தான் கேட்பார்கள். நானும் சொல்வேன். ஜூன் ஒன்று. நான் ஒரு தை மாதத்தில் பிறந்தவள். ஆனால் வருடா வருடம் ஜூன் ஒன்றாம் தேதி என்னுடன் வேலை செய்யும் பெண்கள் மேசையில் சின்னக் கொடி ஒன்றை நட்டு, கேக் வைத்துக் காத்திருப்பார்கள். நானும் வெட்கப்பட்டுக்கொண்டே வெட்டுவேன். அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. என் எண்ணிலேயே அப்படித்தானே இருக்கிறது.

காவல் நிலையத்தில் வெளிநாட்டாருக்கென்று ஒரு பிரிவு இருக்கிறது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த இளம்பெண் என் தாள்களையும் பாண்டியின் பாஸ்போர்ட் நகலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள்.

"உங்கள் தம்பி என்று எழுதியிருக்கிறீர்கள். தேதி ஒன்றாகவே இருக்கிறதே. இரட்டையரா?" என்றாள்.

இந்தக் கேள்வியை இதற்கு முன்னால் ஒரே ஓர் அதிகாரி என்னிடம் கேட்டிருக்கிறார். எழுபத்தொன்பதாம் வருடத்தின் கடைசியில், ஒரு தாலுகா ஆபீஸில். அன்று நான் பதில் சொல்லவில்லை. நான் பதில் சொல்லாததால் ஒரு பந்தாட்டக்காரன் போக வேண்டிய இடத்துக்குப் போகாமல் நின்றுவிட்டான்.

இந்த முறை "இல்லை" என்று சொன்னேன்.

"பிறகு எப்படி ஒரே தேதி?"

"பள்ளிக்கூடத்தில் எழுதினது" என்றேன். அவளுக்குப் புரியவில்லை. என் நார்வேஜிய மொழியில் அதற்கு மேல் விளக்கவும் எனக்குத் தெரியவில்லை. அவள் கோபப்படவில்லை. "என்ன நடந்தது என்று நீங்களும் உங்கள் தம்பியும் தனித்தனியாக எழுதிக் கொடுங்கள். இரண்டும் ஒத்துப்போனால் சரி" என்று தாள்களைத் திருப்பிக் கொடுத்தாள்.

பாண்டிக்கு ஃபோன் போட்டு எழுதச் சொல்ல வேண்டும். அதற்கு முன் நான் எழுதிப் பார்க்கலாம் என்று உட்கார்ந்தேன். அது ஒரு பக்கத்தில் நிற்கவில்லை.

2

எழுமலைக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். அப்பா அப்போது உயிரோடு இருந்தார். கொஞ்சம் நிலம், இரண்டு மாடு. எனக்கு ஐந்து வயது தாண்டியும் பள்ளிக்கூடம் போகவில்லை. கொண்டுபோய் விட்டால் வாசல் நிலையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அழுவேனாம். ஒரு வருடம் அப்படியே போய்விட்டது. அடுத்த ஜூனில் அப்பா ஒரு யோசனை செய்தார். என்னோடு பாண்டியையும் கூட்டிக்கொண்டு போனார். அவனுக்கு அப்போது நாலரை வயது. அவன் யாரையும் கேட்காமல் வகுப்புக்குள் போய் முன்வரிசையில் உட்கார்ந்துகொண்டான். அவன் பின்னாலேயே நானும் போய் உட்கார்ந்தேன்.

தலைமையாசிரியர் பேனாவை மூடாமல் நிமிர்ந்தார். "இந்தப் பய யாருய்யா?"

"இவ தம்பிங்க. இவன் கூட இருந்தா அழுக மாட்டா. பேருக்கு உக்காந்திருக்கட்டும்."

"பேருக்கெல்லாம் உக்கார வைக்க முடியாது. சேத்தா சேக்கணும். வயசு?"

"போன ஐப்பசிக்கு நாலு முடிஞ்சுச்சு."

"அஞ்சு முடியணும்ய்யா. சரி, டேய், வலது கையைத் தலைக்கு மேல கொண்டு வந்து இடது காதைத் தொடு பாப்பம்."

அந்தக் காலத்தில் பள்ளிக்கூடத்தில் வயதைப் பார்க்கும் வழி அதுதான். கை காதுக்கு எட்டினால் ஐந்து வயது. எட்டாவிட்டால் அடுத்த வருடம் வா. பாண்டிக்குக் கை நீளம். காதைத் தொட்டது மட்டும் இல்லை, பிடித்து முறுக்கியும் காட்டினான். வகுப்பே சிரித்தது. தலைமையாசிரியரும் சிரித்துவிட்டார்.

பதிவேட்டில் முதலில் என் பெயர். பிறந்த தேதி கேட்டார். அப்பா தை மாதம் என்றார், நாள் நினைவில்லை. ஜூன் ஒன்று என்று எழுதினார். எங்கள் வகுப்பில் முக்கால்வாசிப் பேர் ஜூன் ஒன்றில் பிறந்தவர்கள்தான். அடுத்த வரியில் பாண்டி. தகப்பன் பெயர், மேற்படி. ஊர், மேற்படி. தொழில், மேற்படி. கை போன வேகத்தில் பிறந்த தேதிக்கும் மேற்படி போட்டுவிட்டார்.

ஒன்றரை வருடத்துக்கு மேல் இளையவன் அந்த ஒரு சொல்லில் எனக்கு இரட்டையாகிவிட்டான். யாருக்கும் அது பெரிதாகத் தெரியவில்லை. எனக்குத் துணை கிடைத்தது, அவ்வளவுதான். நான் அழுததால் வந்தது இது என்று நான் யோசித்தது பல வருடம் கழித்து.

3

என் மகள் கயல் இங்கே பெண்கள் கால்பந்து அணியில் முன்னால் நின்று ஆடுகிறாள். பதினான்கு வயது. சனிக்கிழமை தோறும் ஆட்டம். பெற்றோர்கள் முறை வைத்து வேலை செய்ய வேண்டும். எனக்கு வாஃபிள் சுடும் வேலை. வரிசையில் நிற்பவர்களுக்கு முதுகைக் காட்டி நின்று மாவு ஊற்றலாம், பேச வேண்டியதில்லை. அங்கிருந்தே ஆட்டமும் தெரியும்.

இந்த ஊரில் மழை நிற்பதில்லை. மழையில் ஆட்டத்தை நிறுத்துவதும் இல்லை. புல் செயற்கை. அதில் தூவியிருக்கும் கறுப்பு ரப்பர்த் துகள் கயலின் காலுறையில் ஏறி வீடு முழுக்க வருகிறது. தோசைக்கல்லுக்குப் பக்கத்தில்கூட ஒரு நாள் கிடந்தது. அவள் என்னோடு பேசும் தமிழ் வருடத்துக்கு வருடம் குறைகிறது. "அம்மா, ஸ்பைசி வேணாம், மேட்ச் இருக்கு" என்பாள். நான் நார்வேஜிய மொழியில் தப்பாக எதையாவது சொன்னால் முன்பு திருத்துவாள். இப்போது திருத்துவதில்லை, கொஞ்சம் தள்ளி நின்றுகொள்கிறாள்.

ஒரு சனிக்கிழமை இன்னொரு பிள்ளையின் அம்மா என்னைப் பார்த்து, "போன தடவைக்கு நன்றி" என்றாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. போன தடவை நான் அவளுக்கு வாஃபிள்கூடக் கொடுக்கவில்லை. வீட்டுக்கு வந்து கயலிடம் கேட்டேன். "அது சும்மா சொல்றதும்மா. திரும்பப் பாத்தா அப்படிச் சொல்லணும்" என்றாள். இருபத்து மூன்று வருடத்தில் எத்தனை பேருக்கு நான் திருப்பிச் சொல்லாமல் விட்டிருக்கிறேனோ.

வாஃபிள் வேகும் நேரத்தில் நான் பார்ப்பதெல்லாம் ஒன்றே ஒன்றுதான். முன்னால் நிற்கும் ஆள் பந்து இல்லாதபோது என்ன செய்கிறாள்? கயல் நடக்கிறாள், நிற்கிறாள், தோளுக்கு மேலே திரும்பிப் பார்க்கிறாள். எதிரணிப் பெண் ஒருத்தி அவளை ஒட்டினாற்போல் நிற்கிறாள். திடீரென்று கயல் இரண்டு எட்டு எதிர்ப்பக்கம் போய், அந்தப் பெண் பின்தொடர்ந்ததும் சட்டென்று திரும்பி ஓடுகிறாள். அங்கே பந்து வருகிறது. பந்து வரும் என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

பாண்டியும் இப்படித்தான் ஆடியிருப்பானா என்று எனக்குத் தெரியாது. அவன் ஆடி நான் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை.

4

அப்பா போன பிறகு நிலத்தைக் கொடுத்துவிட்டு மதுரையை ஒட்டிய விளாங்குடிக்கு வந்தோம். அம்மாவுக்கு ஒரு மில்லில் பஞ்சு பிரிக்கும் வேலை. மில்லின் பின்சுவரை ஒட்டி ஒரு வரிசை வீடுகள், அதில் ஒன்று எங்களுடையது. சுவருக்கு அந்தப் பக்கம் மில் மைதானம். சரளை மண், இரண்டு கம்பம். ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு அங்கே பந்தாட்டம். வயசுப் பிள்ளை நான், அங்கெல்லாம் போக முடியாது. வீட்டில் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டு சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பேன்.

பாண்டி பள்ளிக்கூட அணியில் ஆடியதை மில் அணியின் தலைவர் சேவியர் அண்ணன் பார்த்திருக்கிறார். அவர் சாயப் பிரிவில் வேலை. விரல் நகமெல்லாம் எப்போதும் நீலமாக இருக்கும். ஒரு நாள் வீட்டுக்கே வந்துவிட்டார்.

"தங்கச்சி, தம்பி சர்ட்டிபிகேட்டு இருக்கா? எடு பாப்பம். பதினெட்டு ஆயிருச்சுன்னா மில்லுல போட்டுறலாம். ஆளு எடுக்கிறப்ப பந்தாடுற பையனுக்கு ஒரு எடம் உண்டு."

எடுத்துக் கொடுத்தேன். எழுபத்தெட்டு ஜூனில் காகிதத்தில் அவனுக்குப் பதினெட்டு முடிந்திருந்தது. உண்மையில் பதினாறரை. சேவியர் அண்ணன் காகிதத்தைப் பார்த்தார், அவன் முகத்தைப் பார்த்தார்.

"என்ன மாப்ள, மீசையைக் காணோம்?"

"வரும்ணே."

"எப்ப வரும்? ரிட்டயர் ஆகுறதுக்குள்ள வந்துருமா?"

அதற்குப் பிறகு மில் அதிகாரியைப் பார்க்கப் போகும் வரை பாண்டி தினமும் மேலுதட்டைச் சிரைத்தான். சிரைத்தால் வளரும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். மீசை வரவில்லை, இரண்டு வெட்டுக்காயம்தான் வந்தது. வேலை கிடைத்துவிட்டது. தறிக்கூடத்தில் பெயர், காலையில் கையெழுத்து, சாயங்காலம் மூன்று மணிக்கு மைதானத்துக்கு விட்டுவிடுவார்கள். பந்து உதைத்துச் சம்பளம் வாங்கும் ஆள் எங்கள் வரிசையில் அவன் ஒருத்தன்தான்.

ஆனால் அவன் ஆடியது பெரிய ஆம்பளைகளோடு. முதல் ஆறு மாதம் தினமும் ஒரு வீக்கத்தோடு வந்தான். முழங்கால், கணுக்கால், ஒரு தடவை காது. அம்மா மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் போட்டுக்கொண்டே திட்டுவாள். "காலை ஒடிச்சுக்கத்தான் சம்பளம் குடுக்குறாய்ங்களா?"

நான் கேட்டேன். "அம்புட்டுப் பேரு இருக்காக. ஒன்னைய மட்டும் ஏன்டா மிதிக்கிறாக?"

"நான் முன்னாடி நிக்கிறவன்க்கா. முன்னாடி நிக்கிறவனத்தான் மிதிப்பாய்ங்க."

"அப்பப் பின்னாடி நில்லேன்."

அவன் சிரித்தான். அப்புறம் வெங்காயக் கூடையை இழுத்து வைத்துக்கொண்டு விளக்கினான். "இந்த வெங்காயம் நானு. இது அவிங்க ஆளு. எங்காளு பந்தை அடிக்கிற நேரத்துல நான் இவனத் தாண்டி அங்கிட்டு நிக்கக் கூடாது."

"நின்னா?"

"தப்பு. ஊதிருவாய்ங்க."

"அப்ப அடிச்ச பெறகு தாண்டிப் போ."

"அதாங்க்கா ஆட்டமே! நீ ஒரு நாளும் பாக்காம எப்படிக் கண்டுபிடிச்ச?"

நான் ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை, வாய்க்கு வந்ததைச் சொன்னேன். ஆனால் அன்று முழுக்க எனக்கு ஒரே சந்தோஷம். அவன் தாண்ட வேண்டிய வெங்காயம் அன்று குழம்பில் போனது.

ஆறு மாதத்தில் வீக்கம் குறைந்தது. மிதிக்கிற கால் வந்து சேருவதற்கு முன்னால் பந்தை விட்டுவிட்டு ஓடக் கற்றுக்கொண்டான் என்று சேவியர் அண்ணன் சொன்னார். "பந்தை வச்சுக்கிட்டு நிக்க மாட்டேன்றான் தங்கச்சி. ஒரு தொடு, ஆளு காணாமப் போயிருவான். தேடுறதுக்குள்ள கோல் வாசல்ல நிக்கிறான்."

எனக்குச் சத்தம் பழகிவிட்டது. சுவருக்கு அந்தப் பக்கம் 'ஓ' என்று மேலே போகும் சத்தம் பாதியில் 'ச்சே' என்று விழுந்தால் பந்து வெளியே போயிருக்கிறது. மேலே போய் உடைந்து சிதறினால் கோல். அதற்குப் பிறகு விசில் வந்தால் பாண்டி அடித்தது. சாயப் பிரிவு ஆட்கள் அவனுக்கு மட்டும்தான் விசிலடிப்பார்கள். அவன் வீடு வந்து "ரெண்டு" என்பான். "தெரியும்" என்பேன். அவனுக்கு அது கடைசி வரை விளங்கவில்லை.

5

அடுத்த வருடத்தின் கடைசியில் சேவியர் அண்ணன் ஒரு கடிதத்தோடு ஓடி வந்தார். மதுரையில் நடந்த போட்டியைப் பார்க்க மெட்ராஸிலிருந்து ஆட்கள் வந்திருந்தார்கள். மாநில ஜூனியர் அணிக்கு முகாம் நடத்துகிறார்கள், பாண்டியின் பெயர் பட்டியலில் இருக்கிறது. வீட்டில் படிக்கும் ஆள் நான். சத்தமாகப் படித்தேன். கடைசி வரிக்கு வந்ததும் நிறுத்திவிட்டேன். பத்தொன்பது வயது முடிந்திருக்கக் கூடாது, சான்று வேண்டும்.

"எனக்குப் பதினெட்டுதானக்கா?" என்றான் பாண்டி.

"ஒனக்குப் பதினெட்டு. சர்ட்டிபிகேட்டுக்குப் பத்தொன்பதரை."

சேவியர் அண்ணன் அப்படியே வாசலில் உட்கார்ந்துவிட்டார். "தங்கச்சி, எப்படியாச்சும் மாத்தணும். அந்த முகாமுக்குக் கல்கத்தா கிளப்பு ஆளுக வருவாக. ஒருத்தன் கண்ணுல பட்டாப் போதும். எனக்கு முப்பத்திரண்டு ஆயிருச்சு, என்னைய எவனும் பாக்கலை. இவனையாச்சும் பாக்கட்டும்."

பள்ளிக்கூடத்தில் கேட்டோம். தாலுகா ஆபீஸில் விசாரித்து உத்தரவு வந்தால் திருத்துவோம் என்றார்கள். வீட்டில் பிறந்த பிள்ளைகள், அப்பா எங்கேயும் பதியவில்லை. மனுவை நான்தான் எழுதினேன். எங்கள் இருவரையும் ஒரே நாளில் சேர்த்தது, மேற்படி போட்டது, எல்லாம் எழுதினேன். எழுத்தில் எனக்குப் பயமே வராது. தாயும், உடன்பிறந்த மூத்தவளும் நேரில் வந்து வாக்குமூலம் கொடுக்க வேண்டும் என்று நாள் குறித்துத் தபால் வந்தது.

அதற்கு முந்தின நாள் தண்ணீர்க் குழாயடியில் மில் ஆபீஸ் கிளார்க்கின் மனைவி அம்மாவிடம் ஒன்றைச் சொல்லிவிட்டாள். வயதைக் குறைத்தால், வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கு அவனுக்குப் பதினெட்டு ஆகவில்லை என்றாகிவிடும். பொய் வயது காட்டிச் சேர்ந்தான் என்று வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

அது சரிதான். அதுவரை எங்கள் யாருக்கும் அது தோன்றவில்லை. அவனுக்கு வேலை கொடுத்த தேதியும், முகாமுக்குக் குறுக்கே நின்ற தேதியும் ஒன்றுதான்.

பஸ்ஸில் பாண்டியும் சேவியர் அண்ணனும் பின்னால் உட்கார்ந்தார்கள். ஏறுவதற்கு முன் பாண்டி என்னிடம், "கேட்டா நடந்ததைச் சொல்லுக்கா. அம்புட்டுத்தான்" என்று சொல்லியிருந்தான். முன்னால் அம்மா என் காதோடு பேசினாள்.

"ரெட்டைன்னு சொல்லிரு."

"அம்மா..."

"இவன் பந்தடிச்சா எத்தன வருசம்? நாலு வருசம். மில்லு அம்பத்தெட்டு வயசு வரைக்கும். ஒங்கப்பன் இருந்தா நான் இப்படிச் சொல்லுவனா?"

"மனுவுல நானே எழுதியிருக்கேனே."

"எழுதுனா என்ன? வெவரம் தெரியாம எழுதிட்டேன்னு சொல்லு."

தாலுகா ஆபீஸில் அதிகாரி நல்ல மனிதர். எங்களை உட்காரச் சொன்னார். பாண்டியையும் சேவியர் அண்ணனையும் வெளியே இருக்கச் சொல்லிவிட்டார். அம்மா கேட்டவுடனே சொல்லிவிட்டாள். "ரெட்டைப் பிள்ளைகங்க. இவ முன்னாடி, அவன் பின்னாடி."

அதிகாரி மனுவைப் புரட்டினார். "இதுல வேற மாதிரி இருக்கே. யாரு எழுதுனது?" அம்மா என்னைக் காட்டினாள். அவர் என் பக்கம் திரும்பினார்.

"நீ படிச்ச பிள்ளை. நீ சொல்லும்மா. ரெட்டையா, இல்லையா?"

நான் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மேசைமேல் ஊசி குத்தும் பஞ்சு டப்பா, மைக்கூடு, ரப்பர் முத்திரை. எல்லாம் இப்போதும் ஞாபகம் இருக்கிறது. வாயைத் திறந்தால் ஒன்று அம்மாவைப் பொய்க்காரி ஆக்க வேண்டும், இல்லாவிட்டால் தம்பியின் ஆட்டத்தை என் கையால் நிறுத்த வேண்டும்.

"ஒன்னையத்தாம்மா கேக்குறேன். ரெட்டையா?"

நான் பேசவில்லை. அவர் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு அம்மா சொன்னதை எழுதி, என் பக்கம் தள்ளினார். கையெழுத்துப் போட்டேன்.

வெளியே வந்ததும் பாண்டி எழுந்தான். "என்னாச்சு?"

"ஆபீசரு நம்பலைடா" என்றாள் அம்மா.

நான் அதையும் மறுக்கவில்லை. சேவியர் அண்ணன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு தள்ளிப் போய் நின்றார். பாண்டி "சரி" என்றான். எதிரில் இருந்த கடைக்குப் போய் எங்கள் எல்லாருக்கும் குடிக்கக் கலர் வாங்கிக்கொண்டு வந்தான். எனக்கு ஆரஞ்சு பிடிக்கும் என்று ஆரஞ்சு வாங்கியிருந்தான். அந்த வாரமே முகாம் ஆரம்பித்துவிட்டது.

6

அவன் மில் அணியில் பத்துப் பன்னிரண்டு வருடம் ஆடினான். திண்டுக்கல், திருநெல்வேலி, கோயம்புத்தூர் என்று போய் ஆடிவிட்டு வருவான். கப்புகள் மில் ஆபீஸில் கண்ணாடி அலமாரியில் இருந்தன. ஐம்பத்தெட்டு வயது வரைக்கும் என்று அம்மா நம்பிய மில்லை அதற்குப் பாதிக்கும் முன்னாலேயே மூடிவிட்டார்கள். அம்மா அதைப் பார்த்துவிட்டுத்தான் போனாள். பாண்டி இப்போது பழங்காநத்தத்தில் ஒரு குழாய்ச் சாமான் கடையில் இருக்கிறான். இரண்டு பிள்ளைகள். முழங்கால் வலிக்கிறது என்கிறான்.

அவன் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும்? எனக்குத் துக்கத்தைவிட ஆர்வம்தான் அதிகம். கல்கத்தாவில் ஆடியிருப்பானா? முதல் வாரமே திருப்பி அனுப்பியிருப்பார்களா? அவன் எவ்வளவு நல்ல ஆட்டக்காரன் என்பதே எனக்குத் தெரியாதே. எனக்குத் தெரிந்தது சுவர் தாண்டி வந்த சத்தம் மட்டும்தான். அதனால்தான் சனிக்கிழமைகளில் வாஃபிளைக் கருகவிட்டுவிட்டுக் கயலைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். இவளுடைய ஆட்டத்தில் அவனுடையது ஏதாவது தெரிகிறதா என்று தேடுகிறேன். போன வாரம் அவளிடம், "எதுக்கு முதல்ல அந்தப் பக்கம் ரெண்டு எட்டு வச்ச?" என்று கேட்டேன். ரொம்ப நாளைக்குப் பிறகு அவள் என் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள். "நீ அதைக் கவனிச்சியாம்மா?" என்றாள்.

பாண்டி வந்து இவள் ஆடுவதைப் பார்க்க வேண்டும். அவன் பார்த்தால் சொல்லிவிடுவான். அதற்குத்தான் அந்தப் படிவம்.

7

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஃபோன் போட்டேன். அங்கே சாயங்காலம் தொடங்கும் நேரம். பின்னால் பிள்ளைகள் சத்தம், டிவி சத்தம். போலீஸில் கேட்டதைச் சொன்னேன்.

"ரெட்டையான்னு கேட்டாகளா? அங்கயுமா?" என்று சிரித்தான். "என்ன சொன்ன?"

"இல்லைன்னு சொன்னேன்."

"அட! வாயத் தொறந்துட்டியா?"

அவன் விளையாட்டாகத்தான் சொன்னான். ஆனால் எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. "பாண்டி, அன்னைக்கு ஆபீசரு நம்பாம இல்லடா. அம்மா ரெட்டைன்னு சொல்லிருச்சு. என்னையக் கேட்டாரு. நான் பேசாம இருந்துட்டேன். கையெழுத்தும் போட்டேன்."

அந்தப் பக்கம் டிவி சத்தம் குறைந்தது. எழுந்து வெளியே போகிறான் என்று தெரிந்தது.

"தெரியும்க்கா."

"அம்மா சொல்லிச்சா?"

"இல்ல. நான் ஜன்னல்கிட்டத்தான் நின்னேன். ஒன்னைய ரெண்டு தடவ கேட்டாரு. ரெண்டாவது தடவ கொஞ்சம் சத்தமாக் கேட்டாரு."

முப்பது வருடத்துக்கு மேல் ஆகிறது.

"அப்ப உள்ள வந்து சொல்லியிருக்கலாம்ல? கதவு தொறந்துதான இருந்துச்சு."



"தொறந்துதான் இருந்துச்சு. ஒரு மூணு எட்டு. சேவியர் அண்ணே முதுகுல கையை வச்சுத் தள்ளுறாரு, போடா போடான்னு. நான் நகரலை."

"ஏன்டா?"

"உள்ள வந்து சொன்னா மெட்ராஸ் போகணும்லக்கா. மில்லும் போயிரும். போயி அங்க ஒண்ணுமில்லன்னு திருப்பி அனுப்பிட்டா? நீ பேசாம இருந்தப்ப எனக்கு... எப்படிச் சொல்ல, மூச்சு வந்துச்சு. நல்லவேளை அக்கா பேசலைன்னு இருந்துச்சு. கலர் வாங்கப் போனேன்ல, பயத்துல மிச்சக் காசைக்கூட வாங்காம வந்துட்டேன்."

"ஒனக்கா? பயமா?"

"ஆமா, எனக்குத்தான். நீ ஒரு நாளும் வந்து பாத்ததில்லயே, அதான் ஒனக்குத் தெரியல."

எங்கள் இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்தது. அவன்தான் முதலில் நிறுத்தினான்.

"சரி, போலீசுக்கு என்னன்னு எழுத?"

"நடந்ததை எழுது. காதைத் தொடச் சொன்னது, மேற்படி போட்டது. ரெண்டும் ஒத்துப்போகணுமாம்."

"ஜன்னல்கிட்ட நின்னதையும் எழுதணுமா?"

"அது அவுகளுக்கு வேணாம்" என்றேன். "அதை எனக்குத் தனியா எழுது."

அவன் இதுவரை எனக்கு ஒரு கடிதமும் எழுதியதில்லை. எழுதுகிறேன் என்று சொல்லியிருக்கிறான்.